நாட்கணக்கில் தெரியும் நோய்: மனச்சோர்வும் மனநிலைக் கோளாறுகளும்

உலக சுகாதார நிறுவனம் 1990களில் 14 நாடுகளிலுள்ள 15 மையங்களில் ஓர் ஆய்வு நடத்தியது. பெங்களூரு அவற்றில் ஒன்று. காய்ச்சல், வயிற்றுவலி என்று எல்லோரும் போகிற சாதாரண வெளிநோயாளர் பிரிவுகளுக்கு வருகிறவர்களில் எத்தனை பேருக்கு மனநலப் பிரச்சினை இருக்கிறது என்று அறிவதே நோக்கம். ஏறத்தாழ 26,000 பேரை முதலில் சலித்தெடுத்தார்கள். பிறகு விரிவாகப் பேசிப் பார்த்ததில் மனச்சோர்வு நோய் உறுதியானவர்கள் 1,146 பேர். கிரிகரி சைமனும் அவருடைய சக ஆய்வாளர்களும் இவர்களுடைய விவரங்களைப் பகுத்து 1999இல் வெளியிட்டார்கள். இவர்களில் 69 விழுக்காட்டினர் மருத்துவரிடம் சொல்லிக்கொண்டு வந்தது உடல் உபாதையை மட்டும்தான். தலைபாரம், கைகால் அசதி, நெஞ்சடைப்பு, முதுகுவலி, தூக்கமின்மை.

இந்த 69 என்ற எண் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. அதே ஆய்விலுள்ள இன்னொரு எண்ணைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. மனம் எப்படி இருக்கிறது, எதிலாவது பிடிப்பு இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்டபோது, அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை என்று மறுத்தவர்கள் வெறும் 11 விழுக்காடு. மற்றவர்கள் எல்லோரும் சொன்னார்கள். கேட்டதால் சொன்னார்கள். ஆசியர்களும் ஆப்பிரிக்கர்களும் மனத்தின் வேதனையை உடலின் வேதனையாக மாற்றிவிடுகிறவர்கள், உணர்ச்சிகளைப் பிரித்தறியும் பழக்கம் அவர்களுக்குக் குறைவு என்று மேற்கத்திய மருத்துவம் நெடுங்காலம் நம்பியது. இந்த ஆய்வு அந்த நம்பிக்கைக்கு இடம் தரவில்லை. உடல் உபாதையை மட்டும் சொல்கிறவர்களின் அளவு மையத்துக்கு மையம் 45 முதல் 95 விழுக்காடு வரை வேறுபட்டது. ஆனால் கிழக்கு, மேற்கு என்று அது பிரியவில்லை. நோயாளிக்குத் தன்னைத் தொடர்ந்து பார்த்துவரும் ஒரு மருத்துவர் இல்லாத இடங்களில்தான் அது அதிகமாக இருந்தது.

தொடர்ந்து பார்த்துவருதல். மனநிலைக் கோளாறுகளைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான். மனச்சோர்வும் இருமுனைக் கோளாறும் காலத்தில் பரவிக் கிடக்கிற நோய்கள். ஒரு நாளின் முகத்தைப் பார்த்து அவற்றைக் கண்டுபிடிக்க முடியாது. ரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ அவை தெரிவதில்லை. ஒருவர் எப்போது முதல் மாறினார், எதெல்லாம் நின்றுபோனது, இதற்கு முன் இப்படி இருந்திருக்கிறாரா, இதற்கு நேர்மாறாக எப்போதாவது இருந்திருக்கிறாரா என்ற வரலாறுதான் நோயறியும் கருவி. அந்த வரலாறு பெரும்பாலும் மருத்துவரிடம் இல்லை. வீட்டில் இருக்கிறது.

அறிகுறிகளைப் பார்ப்போம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடான டி.எஸ்.எம். ஒன்பது அறிகுறிகளைச் சொல்கிறது. அவற்றில் குறைந்தது ஐந்து, இரண்டு வாரங்களுக்கு, கிட்டத்தட்ட தினமும், நாளின் பெரும்பகுதிக்கு இருக்க வேண்டும். அந்த ஐந்தில் ஒன்று, தாழ்ந்த மனநிலையாகவோ எதிலும் நாட்டமோ இன்பமோ இல்லாமல் போவதாகவோ இருந்தாக வேண்டும். இந்த ‘ஆகவோ’ முக்கியமானது. துக்கமே இல்லாமலும் மனச்சோர்வு இருக்கலாம். வீட்டில் இருப்பவர்கள் கண்ணீரைத் தேடுகிறார்கள். அது கிடைக்காததால் நோய் இல்லை என்று முடிவு செய்துவிடுகிறார்கள். அழுகை வந்தால்கூடப் பரவாயில்லை, அதுவும் வரமாட்டேன் என்கிறது என்று சொல்கிற நோயாளிகள் உண்டு. பேரக்குழந்தை ஓடிவந்து மடியில் ஏறினாலும் உள்ளே ஒன்றும் அசையவில்லை என்று ஒரு பாட்டி சொன்னால், அது மற்ற எந்த வாக்கியத்தையும்விட மருத்துவருக்குப் பயன்படும். பிடித்த சீரியல் ஓடிக்கொண்டிருக்கிறது, பார்க்கவில்லை. மார்கழிக் கோலம் நின்றுவிட்டது. வாராவாரம் தங்கைக்குப் போன் செய்கிறவர் மூன்று வாரமாகச் செய்யவில்லை. இப்படி நின்றுபோனவற்றின் கணக்கை எடுத்தால் நோய் தெரிய ஆரம்பிக்கும்.

உடலும் மாறுகிறது. கேள்வி கேட்டால் பதில் வரத் தாமதமாகிறது, குரல் இறங்கிப்போகிறது, நடை மெதுவாகிறது, குளித்துத் தலைசீவுவதே மலையைத் தூக்குவதாக இருக்கிறது. சிலருக்கு இது தலைகீழ்: ஓரிடத்தில் உட்கார முடியாமல் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருப்பார்கள், கையைப் பிசைவார்கள். பசி அற்றுப்போய் எடை குறையும். தூக்கம் பத்து மணிக்கு வந்துவிடும், ஆனால் விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடும். அந்த மூன்று மணிக்கும் ஆறு மணிக்கும் இடைப்பட்ட நேரம்தான் பலருக்கு நாளிலேயே மிக மோசமான பொழுது. பொழுது ஏற ஏறச் சற்றுத் தெளிந்து, மாலையில் கொஞ்சம் பழைய ஆளாகிவிடுவார்கள். கடுமையான மனச்சோர்வின் மிகப் பழைய, மிக நம்பகமான அடையாளங்களில் இந்த நாளோட்டமும் ஒன்று. இதையே வீடுகள் எப்படிப் படிக்கின்றன என்று நினைத்தால் மனம் கனக்கிறது. “ஆபீஸ் கிளம்புற நேரத்துல மட்டும் உடம்பு சரியில்லாம போகுது, சாயங்காலம் ஆனா நல்லாத்தானே இருக்கான்” என்கிறார்கள். நோயின் அடையாளமே நடிப்புக்கான சாட்சியாகிவிடுகிறது.

எல்லோரிடமும் இதே உருவில் வருவதுமில்லை. இளையவர்களில் சிலர் அளவுக்கு மீறித் தூங்குகிறார்கள், அளவுக்கு மீறிச் சாப்பிடுகிறார்கள். குழந்தைகளிடமும் வளரிளம் பருவத்தினரிடமும் சோகத்தைவிட எரிச்சல்தான் முன்னால் நிற்கும். கையேடும் அவர்கள் விஷயத்தில் எரிச்சலை ஏற்றுக்கொள்கிறது. ஆண்கள் பலரிடம் கோபமும் குடியும் கூடுகின்றன, குடியைத் திருத்துவதிலேயே எல்லோருடைய கவனமும் போய்விடுகிறது. வயதானவர்களிடம் மறதி முன்னால் வந்து நிற்கும். அதை முதுமை மறதி நோய் என்று எண்ணி விட்டுவிடுகிறோம். அவர்களில் ஒரு பகுதியினருக்கு இருப்பது மனச்சோர்வு. சிகிச்சையில் அந்த மறதி விலகக்கூடியது. முதுமை மறதி உள்ளவர் பெரும்பாலும் மறந்ததை மறைத்துச் சமாளிப்பார். மனச்சோர்வு உள்ளவரோ முயலாமலே “எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல” என்று சொல்லிவிடுவார். இந்த வேறுபாட்டை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது, ஆனால் சந்தேகப்பட இது போதும்.

ஒன்பதில் மிச்சமுள்ளவை சிந்தனையைச் சேர்ந்தவை. செய்தித்தாளில் ஒரு பத்தியைப் படித்து முடிக்க முடியாது. இன்றைக்கு என்ன சமைப்பது என்பதுகூட முடிவெடுக்க முடியாத பிரச்சினையாகிவிடும். தான் எதற்கும் உதவாதவர், மற்றவர்களுக்குப் பாரம் என்ற எண்ணம் வரும். இருபது வருடத்துக்கு முன் யாரிடமோ வாங்கித் திருப்பிக் கொடுக்காத சிறிய தொகை நினைவுக்கு வந்து வதைக்கும். இருப்பதைவிட இல்லாமல் போவது மேல் என்ற நினைப்பும் வரும். “தைரியமா இரு, உனக்கென்ன குறை” என்று சொல்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தைரியம் கொள்கிற, குறைநிறைகளை எடைபோடுகிற அந்த மனமே இங்கே நோயில் விழுந்திருக்கிறது.

இரண்டு வாரம் என்ற அளவு எங்கிருந்து வந்தது? இயற்கை அப்படி ஒரு கோடு போட்டு வைக்கவில்லை. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர மருத்துவர்கள் 1972இல் வெளியிட்ட அளவுகோல் குறைந்தது ஒரு மாதம் என்றது. 1980இல் வந்த டி.எஸ்.எம். மூன்றாம் பதிப்பு அதை இரண்டு வாரமாக்கியது. நிபுணர்கள் கூடி எடுத்த முடிவு இது. அதனாலேயே இது பொய்யாகிவிடாது. ரத்த அழுத்தத்திலும் எந்த அளவுக்கு மேல் நோய் என்று மனிதர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். ஆனால் இந்த அளவைக் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தினால் தவறு நேரும். 2013இல் ஐந்தாம் பதிப்பு வந்தபோது, அண்மையில் நெருங்கியவரை இழந்தவர்களுக்கு முன்பு அளித்திருந்த விலக்கை நீக்கினார்கள். நான்காம் பதிப்பைத் தயாரித்த குழுவின் தலைவரான ஆலன் பிரான்சிஸே இதைக் கடுமையாக எதிர்த்தார். சாவு வீட்டில் இருக்கிறவருக்கு நோய்ப் பட்டம் கட்டுவதா என்பது அவர் கேள்வி. அவர் பக்கம் நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன். துக்கம் பெரும்பாலும் நினைவுகளோடு வந்து வந்து போகும், இடையில் ஒரு சிரிப்பும் எட்டிப் பார்க்கும், இறந்தவரைப் பற்றிப் பேசினால் ஆறுதல் கிடைக்கும், தன்னைப் பற்றிய மதிப்பு சரிந்துவிடாது. மனச்சோர்வில் இந்த இடைவெளிகள் அடைபட்டுவிடுகின்றன. துக்கத்திலிருக்கிற ஒருவருக்கு அதோடு சேர்ந்து மனச்சோர்வும் வரலாம் என்பதை ஐந்தாம் பதிப்பு சொல்ல முயன்றது, அதுவும் உண்மைதான். இவற்றைப் பிரித்தறிய ஒரு சந்திப்பு போதாது.

காலத்தை வைத்து நோயைப் பிரிக்கலாம் என்று மனநல மருத்துவத்துக்குக் கற்றுக்கொடுத்தவர் ஜெர்மானியரான எமில் கிரெப்பெலின். ஹைடல்பெர்க் பல்கலைக்கழக மருத்துவமனையில் 1891 முதல் 1903 வரை இருந்தார். ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை எழுதினார். சேரும்போது எப்படி இருந்தார், எப்போது வீடு போனார், திரும்ப வந்தாரா, வருடங்கள் கழித்து என்ன ஆனார் என்று குறித்துக்கொண்டே போனார். அட்டைகளை மறுபடி மறுபடி அடுக்கிப் பார்த்தபோது ஒரு பிரிவு துலங்கியது. சிலர் நோய் விலகிப் பழைய ஆளாகவே வீடு திரும்பினார்கள், சில ஆண்டுகள் கழித்து மீண்டும் நோய்வாய்ப்பட்டார்கள். வேறு சிலர் படிப்படியாகச் சிதைந்துகொண்டே போனார்கள். முதல் கூட்டத்தின் நோய்க்கு 1899இல் தன் பாடநூலின் ஆறாம் பதிப்பில் பித்து-சோர்வு நோய் என்று பெயரிட்டார். இன்றைய மனநிலைக் கோளாறுகள் என்ற தலைப்பு அதிலிருந்து வளர்ந்தது. அவர் எழுதியவற்றில் பலவற்றை ஏற்க முடியாது. இனநலம் பேணுவது பற்றிய அவருடைய கருத்துகள் பின்னால் பெருங்கேட்டுக்கு வழிவகுத்த சிந்தனையைச் சேர்ந்தவை. அந்த அட்டைகளின் பாடம் மட்டும் நிற்கிறது.

1904இல் அவர் ஜாவாவுக்குப் போய் அங்குள்ள மனநல விடுதியில் நோயாளிகளைப் பார்த்தார். மனச்சோர்வு அங்கே குறைவு, இருந்தாலும் லேசானது, ஐரோப்பாவில் காணும் பாவ உணர்வு அங்கே அநேகமாக இல்லை என்று எழுதினார். விடுதிக்கு யார் கொண்டுவரப்படுகிறார்கள், யார் வீட்டிலேயே மூலையில் கிடக்கிறார்கள் என்ற கேள்வியை அவர் போதுமான அளவு கேட்டுக்கொள்ளவில்லை. அமைதியாகச் சோர்ந்து கிடப்பவரை எந்தக் காலனி அரசும் விடுதிக்குக் கொண்டுவராது. கிரெப்பெலினின் கருத்து பல பத்தாண்டுகள் செல்வாக்கோடு இருந்தது. அதைச் சொந்த மண்ணின் நோயாளிகளை வைத்துச் சோதித்தவர்களில் மதுரையின் அ. வெங்கோபராவ் முக்கியமானவர். 1960கள் முதல் மனச்சோர்வு குறித்துத் தொடர்ந்து எழுதிய அவர், குற்றவுணர்வு இந்தியப் பண்பாட்டில் எப்படி வெளிப்படுகிறது என்பதைத் தனி ஆய்வாகவே எடுத்துக்கொண்டார். தமிழ்நாட்டு மருத்துவமனை ஒன்றிலிருந்து இப்படியொரு ஆய்வு மரபு எழுந்தது என்பதை நம்மில் பலர் அறியாமலிருப்பது வருத்தமானது.

இனி இருமுனைக் கோளாறு. மனச்சோர்வில் இருக்கிறவரைப் பார்த்தால் அது வெறும் மனச்சோர்வா, இருமுனைக் கோளாறின் சோர்வுப் பக்கமா என்று சொல்லவே முடியாது. இரண்டும் அன்றைக்கு ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாடு கடந்த காலத்தில் இருக்கிறது. ஒரு வாரமாவது நீடிக்கும் மேனியா எனும் மிகையெழுச்சி ஒருமுறை வந்திருந்தாலும் நோயின் பெயர் மாறிவிடும், மருந்தும் மாறிவிடும். மூன்று மணி நேரத் தூக்கமே போதும் என்று உற்சாகமாகத் திரிவது, நிறுத்தாமல் பேசுவது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எண்ணம் தாவுவது, கையிலிருப்பதையும் கடன் வாங்கியதையும் சேர்த்துச் செலவழிப்பது, பெரிய பெரிய திட்டங்கள், தடுத்தால் கடும் கோபம். முழு மேனியாவை வீடு தவறவிடாது. அதைவிட மென்மையான வடிவம் நான்கு நாட்கள் நீடித்தாலே கணக்கில் வரும், அதுதான் தப்பிவிடுகிறது. அப்போது அவர் கலகலப்பாக இருந்திருப்பார், வேலையை இரட்டிப்பாகச் செய்திருப்பார். குடும்பம் அதை நல்ல காலம் என்றே நினைவில் வைத்திருக்கும். சோர்வு வந்ததும் மருத்துவரிடம் போவார்கள், நல்ல காலத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கமாட்டார்கள், அதில் சொல்ல என்ன இருக்கிறது என்ற எண்ணத்தில்.

இப்போது மருத்துவமனைகளில் பரவலாகக் கொடுக்கப்படும் ஒன்பது கேள்விப் படிவம், பி.எச்.க்யூ-9, கடந்த இரண்டு வாரத்தை மட்டுமே கேட்கிறது. மனச்சோர்வைச் சந்தேகிக்க அது நல்ல கருவி. எழுச்சியைப் பற்றி அதில் ஒரு கேள்வியும் இல்லை. கைப்பேசியில் தானே அதை நிரப்பி, மதிப்பெண்ணைப் பார்த்து, தெரிந்தவர் சாப்பிடும் மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்கிறவர்களுக்கு உள்ள ஆபத்து இதுதான். இருமுனைக் கோளாறு உள்ளவருக்கு மனநிலையைச் சமன்படுத்தும் மருந்தின் துணையில்லாமல் மனச்சோர்வு மருந்தை மட்டும் கொடுத்தால், சிலருக்கு அது மிகையெழுச்சியைத் தூண்டிவிடும்.

லூயிஸ் ஜட் குழுவினர் முதல் வகை, அதாவது முழு மேனியா வந்த, இருமுனைக் கோளாறு உள்ள 146 பேரைச் சராசரியாக ஏறக்குறைய 13 ஆண்டுகள் வாராவாரம் என்ற கணக்கில் பின்தொடர்ந்து 2002இல் வெளியிட்ட முடிவைப் பார்க்கலாம். மொத்த வாரங்களில் பாதிக்குச் சற்றுக் குறைவாக அவர்களுக்கு ஏதோவொரு அறிகுறி இருந்தது. சோர்வு 32 விழுக்காடு வாரங்களை எடுத்துக்கொண்டது. எழுச்சி 9 விழுக்காட்டை. எழுச்சியால் பெயர் பெற்ற நோயில் வாழ்க்கையைத் தின்பது சோர்வுதான். இந்தியாவில் பணிபுரியும் மருத்துவர்கள் இங்கே எழுச்சிக் கட்டங்கள் ஒப்பீட்டளவில் அதிகம் என்று பல ஆய்வுகளில் எழுதியிருக்கிறார்கள். தட்பவெப்பமா, மரபா, சோர்வை யாரும் பதிவு செய்யாததா என்று விவாதம் நடக்கிறது. மூன்றாவது காரணத்துக்குக் கணிசமான பங்கு இருக்கும் என்பது என் எண்ணம்.

இந்த நோய்க்கு லித்தியம் என்ற எளிய உப்பு பயன்படும் என்று 1949இல் கண்டுபிடித்தவர் ஆஸ்திரேலியாவின் ஜான் கேட். போரில் ஜப்பானியர்களிடம் கைதியாக இருந்து திரும்பியவர். மிகையெழுச்சியிலிருந்த பத்துப் பேருக்குக் கொடுத்துப் பார்த்து ஒரு சிறு கட்டுரை எழுதினார். டென்மார்க்கின் மொகன்ஸ் ஷூ அடுத்த இருபது ஆண்டுகள் அதன்மேல் உழைத்து, நோய் திரும்ப வருவதையே அது தடுக்கிறது என்று நிறுவினார். நச்சளவுக்கும் மருந்தளவுக்கும் இடைவெளி குறைவு என்பதால் ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், தைராய்டையும் சிறுநீரகத்தையும் அவ்வப்போது சோதிக்க வேண்டும். தற்கொலையைக் குறைக்கிற ஆற்றல் அதற்கு உண்டு என்பதற்குப் பல ஆய்வுகள் சான்று தருகின்றன. காப்புரிமை லாபம் இல்லாத மலிவான மருந்து என்பதால் அதை விளம்பரப்படுத்த யாரும் இல்லை.

ஏன் வருகிறது? இந்தக் கேள்விக்கு மூளையில் செரட்டோனின் குறைவு என்ற பதில் பொதுப்புத்தியில் ஊறிவிட்டது. 2022இல் ஜோனா மான்கிரீஃப் குழுவினர் அதுவரையான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, அதற்குச் சீரான ஆதாரம் இல்லை என்று காட்டினார்கள். பெரும்பாலான ஆய்வாளர்கள் அந்த எளிய விளக்கத்தை அதற்கு முன்பே கைவிட்டிருந்தார்கள். ஆனால் காரணம் பற்றிய கதை தவறு என்றால் மருந்து வேலை செய்யாது என்று பொருளல்ல. ஆண்ட்ரியா சிப்ரியானி குழு 2018இல் 522 சோதனைகளைத் தொகுத்தபோது, ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட 21 மருந்துகளும் வெற்று மாத்திரையைவிட மேலாக இருந்தன. வேறுபாடு சராசரியில் மிதமானது, நோய் கடுமையாக இருப்பவர்களுக்கு மருந்தின் தேவையும் கூடுதல். இரட்டையர் ஆய்வுகள் மனச்சோர்வில் மரபின் பங்கை மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேல் என்றும், இருமுனைக் கோளாறில் அதைவிட மிக அதிகம் என்றும் மதிப்பிடுகின்றன. தைராய்டு குறைவு, ரத்தசோகை, பி12 பற்றாக்குறை ஆகியவை சோர்வு வேடத்தில் வருவதால் அவற்றை முதலில் பார்த்துவிட வேண்டும்.

மிச்சத்தை வாழ்க்கையில் தேட வேண்டியிருக்கிறது. ஜார்ஜ் பிரவுனும் டிரில் ஹாரிஸும் லண்டனின் கேம்பர்வெல் பகுதிப் பெண்களிடம் நீண்ட நேர்காணல்கள் நடத்தி 1978இல் எழுதிய நூல் இத்துறையில் இன்னும் முந்தியே நிற்கிறது. எந்த மாதம் என்ன நடந்தது, எந்த மாதம் சோர்வு தொடங்கியது என்று அவர்கள் ஒவ்வொரு பெண்ணின் ஆண்டையும் வரிசைப்படுத்தினார்கள். பெரிய இழப்புக்குப் பின் எல்லோரும் விழுந்துவிடவில்லை. மனம் திறந்து பேச ஒரு துணை இல்லாதவர்கள், 14 வயதுக்குட்பட்ட மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகளை வீட்டில் வைத்திருப்பவர்கள், வெளியே வேலை இல்லாதவர்கள், 11 வயதுக்கு முன் தாயை இழந்தவர்கள் ஆகியோரே அதிகம் விழுந்தார்கள்.

வேலூருக்குப் பக்கத்தில் கணியம்பாடி வட்டாரம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி அங்கே பல பத்தாண்டுகளாகச் சமூக மருத்துவம் செய்துவருகிறது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்திலிருந்த 359 பெண்களைச் சேர்த்து, பிரசவத்துக்குப் பின் அவர்களைத் திரும்பப் பார்த்து 2002இல் ஓர் ஆய்வு வெளியானது. புதிதாக மனச்சோர்வு வந்தவர்கள் 11 விழுக்காடு. எந்தெந்தக் காரணங்கள் அதோடு சேர்ந்து வந்தன என்ற பட்டியல் நம் வீடுகளின் உட்புறம். குறைந்த வருமானம். ஆண் குழந்தையை எதிர்பார்த்திருக்கும்போது பெண் பிறந்தது. மாமியாரோடும் பெற்றோரோடும் உறவுச் சிக்கல். கர்ப்ப காலத்தில் நேர்ந்த துயரங்கள். பிரசவத்துக்குப் பின் கையுதவிக்கு ஆளில்லாமை. இவற்றில் எந்த ஒன்றுக்கும் மாத்திரை கிடையாது. பிள்ளை பெற்ற முதல் சில நாட்களில் வரும் அழுகையும் தடுமாற்றமும் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் விலகிவிடும். அதற்கு மேலும் நீடித்தால், குழந்தையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றால், குழந்தை தூங்கும்போதும் தாய்க்குத் தூக்கம் வரவில்லை என்றால் கவனிக்க வேண்டும். குழம்பிப் பேசுவதும் பிறர் காதில் விழாத குரல்களைக் கேட்பதும் தொடங்கிவிட்டால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அது இருமுனைக் கோளாறின் முதல் வெளிப்பாடாகவும் இருக்கலாம்.

அதே வேலூரில் பணியாற்றிய மனநல மருத்துவர் கே.எஸ். ஜேக்கப் ஓர் எதிர்க்குரலைத் தொடர்ந்து எழுப்பிவந்திருக்கிறார். வறுமையும் அவமதிப்பும் தரும் வேதனையை நோய் என்று பெயரிட்டு மருந்துச் சீட்டு எழுதுவது, சமூகத்தின் பொறுப்பைத் தனிமனிதரின் மூளைக்குள் தள்ளிவிடுவதாகும் என்பது அவர் வாதத்தின் சாரம். அது சரியான எச்சரிக்கை. ஆனால் நம் நாட்டில் இதற்கு எதிர்த்திசைத் தவறும் அதே அளவு நடக்கிறது. தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் 2015-16இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, வயதுவந்தோரில் ஏறத்தாழ 20 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது மனச்சோர்வு நோய் வந்திருக்கிறது. அவ்வாறு நோயுற்றவர்களில் சுமார் 85 விழுக்காட்டினர் சிகிச்சை பெறவில்லை. தேவையில்லாதவருக்கு மாத்திரையும் தேவைப்பட்டவருக்கு வெறும் சத்து ஊசியும் கிடைக்கின்றன. அசதிக்கு டானிக், தூக்கத்துக்குத் தூக்க மாத்திரை என்று வருடக்கணக்கில் ஓடுகிறது. அந்தத் தூக்க மாத்திரைகள் மனச்சோர்வைக் குணப்படுத்துவதில்லை, பழக்கமாகிவிடவும் செய்கின்றன.

சிகிச்சையிலும் நாட்களைப் பற்றிய அறிவுதான் வேண்டும். மனச்சோர்வு மருந்தின் பலன் தெரியத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரமாகும், சிலருக்கு இன்னும் கூடும். வயிற்றுப் புரட்டல் போன்ற பக்கவிளைவுகளோ முதல் வாரத்திலேயே வந்துவிடும். பலர் நிறுத்துவது அந்த வாரத்தில்தான். இளையவர்கள் சிலருக்குத் தொடக்கத்தில் பதற்றமும் தற்கொலை எண்ணமும் கூடலாம் என்பதால் வீட்டார் அருகிலிருந்து கவனிக்க வேண்டிய காலமும் அதுவே. குணமான பிறகும் ஆறு முதல் ஒன்பது மாதமாவது தொடர வேண்டும். ஒருமுறை வந்து போனவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மறுபடி வரக்கூடும்.

மருந்தில்லாத வழிக்கும் வலுவான சான்று நம் நாட்டிலேயே இருக்கிறது. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் விக்ரம் படேல் குழுவினர் நடத்திய சோதனை 2017இல் வெளியானது. மனநலப் பட்டம் இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆறு முதல் எட்டு அமர்வுகளில் ஒரு வேலையைச் செய்யச் சொன்னார்கள்: நோயாளி நிறுத்திவிட்ட சின்னச் சின்னச் செயல்களைப் பட்டியலிட்டு, மனம் சரியாகட்டும் என்று காத்திருக்காமல், ஒவ்வொன்றாக மறுபடி தொடங்க வைப்பது. மூன்று மாதத்தில் நோயிலிருந்து மீண்டவர்கள் 64 விழுக்காடு. வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றவர்களில் அது 39. நோய் எதை நிறுத்தியதோ அதைத் தொடங்குவதே இங்கே சிகிச்சை. தமிழ்நாட்டின் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இதைச் செய்யக்கூடிய ஒருவர் இருக்க முடியும். இருக்க வேண்டும்.

குடும்பத்தை மருத்துவத்துக்குள் கொண்டுவருவதிலும் இந்தியா முன்னோடியாக இருந்தது. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் வித்யாசாகர் என்ற மருத்துவர் வளாகத்திலேயே கூடாரங்கள் போட்டு உறவினர்களை நோயாளிகளோடு தங்கவைத்தார். வேலூரிலும் உறவினர் உடன் தங்கும் முறை வேரூன்றியது. ஒரு ஆளின் சென்ற வருடத்தை அறிந்தவர்கள் பக்கத்திலிருக்கும்போது மருத்துவரின் கண் கூர்மையாகிறது. அந்த ஆட்கள் புரிந்துகொண்டு வீடு திரும்பும்போது, அடுத்த முறை நோய் எட்டிப் பார்க்கும்போதே அடையாளம் காண்கிறார்கள்.

தற்கொலை எண்ணத்தைப் பற்றிக் கேட்டால் அது விதை போட்டதாகிவிடும் என்ற பயம் படித்தவர்களிடமும் இருக்கிறது. அதற்கு ஆய்வு ஆதாரம் இல்லை. “செத்துடலாம்னு தோணுதா?” என்று அன்போடு நேராகக் கேட்பது, கேட்கப்படுகிறவருக்குப் பெரும்பாலும் ஒரு விடுதலை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, பராமரிப்பது அரசின் கடமை என்கிறது. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று மருத்துவமனைக்குத் தயங்குகிற குடும்பங்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைக்கலாம், தமிழில் பேசலாம்.

மருத்துவரைப் பார்க்கப் போகும் முன் ஒரு தாளில் சிலவற்றை எழுதி எடுத்துப்போகுமாறு நோயாளியின் வீட்டாருக்குச் சொல்வேன். எந்த மாதத்திலிருந்து மாற்றம். இரவில் எத்தனை மணிக்குத் தூங்கி எத்தனை மணிக்கு விழிக்கிறார். எதெல்லாம் நின்றுவிட்டது. எடை எவ்வளவு குறைந்தது. இதற்கு முன் எந்த வயதில் இப்படி இருந்தது, எவ்வளவு நாளில் சரியானது, அப்போது எந்த மாத்திரை கொடுத்தார்கள். தூக்கமே இல்லாமல் துடிப்பாகத் திரிந்த வாரங்கள் உண்டா. ரத்தவழி உறவில் யாருக்காவது இப்படி இருந்ததா. இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் வீடுகள் அதிகம் பொய் சொல்கின்றன. பல வருடம் அறையைவிட்டு வெளியே வராமல் இருந்த அத்தையும், நெஞ்சுவலியில் போய்விட்டார் என்று ஊருக்குச் சொல்லப்பட்ட சித்தப்பாவும் பெண் பார்க்க வருகிறவர்களுக்குத் தெரியக் கூடாது என்று மறைக்கப்பட்டவர்கள். மருத்துவரிடம் அவர்களைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். எந்த மருந்தைக் கொடுப்பது, எதைத் தவிர்ப்பது என்று முடிவு செய்ய அவருக்கு அந்தத் தகவல் தேவைப்படுகிறது.